பிடிஎஃப் உலாவியில் திறக்கவில்லை: சரிசெய்வதா, வேறு வழி பார்ப்பதா?

"இந்த ஆவணத்தைப் பார்க்கச் செருகுநிரல் தேவை, இங்கே அழுத்தி நிறுவவும்" என்று ஒரு வலைப்பக்கம் சொன்னால் உடனே அழுத்திவிடாதீர்கள். அந்த வரியை எழுதியவர் அநேகமாகப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எழுதிவிட்டு அந்தப் பக்கத்தையே மறந்துபோயிருப்பார். அவர் கேட்கும் செருகுநிரலை (பிளக்-இன், அதாவது உலாவிக்குள் செருகி ஓடவைக்கும் தனி நிரல்) நீங்கள் தேடிப் பிடித்து நிறுவினாலும் இன்றைய உலாவி அதை ஏறெடுத்தும் பார்க்காது. இல்லையென்றால், எழுதியவர் உங்கள் கணினிக்குள் எதையோ நுழைக்கப் பார்க்கிறார். இரண்டில் எதுவானாலும் நிறுவுவதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

சரி, ஆவணத்தை எப்படித்தான் பார்ப்பது? ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. உலாவியின் சொந்த வியூவரையே சரிசெய்யலாம். வேறு உலாவிக்கு மாறலாம். உலாவியின் கடையில் கிடைக்கும் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஒன்றைச் சேர்க்கலாம். கோப்பை இறக்கித் தனி மென்பொருளில் திறக்கலாம். இணையத்தில் ஏதாவது ஒரு சேவையில் ஏற்றிப் பார்க்கலாம். பழைய உலாவியைத் தூசி தட்டி எடுக்கலாம். எல்லாவற்றையும் ஏதோ ஒரு நாள் செய்து பார்த்து நேரத்தைத் தொலைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இவையெல்லாம் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. எந்த வழி என்று யோசிக்கும் முன் எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி வழிகள் தாமாகவே விலகிவிடும்.

அதற்கு முன், செருகுநிரல்கள் எங்கே போயின என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவியோடு என்.பி.ஏ.பி.ஐ. என்ற ஏற்பாடு வந்தது. அடோபி ரீடர், ஃப்ளாஷ், ஜாவா எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் உலாவிக்குள் வந்து உட்கார்ந்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஆக்டிவ்எக்ஸ் என்று தனி வாசல் வைத்திருந்தது. வசதிதான். ஆனால் உள்ளே வந்த செருகுநிரலுக்குக் கணினியில் கிட்டத்தட்ட உங்களுக்கு இருக்கும் அதே உரிமை இருந்தது. அதில் ஓர் ஓட்டை விழுந்தால் வீடே திறந்து கிடந்த மாதிரி. எனவே ஒவ்வோர் உலாவியாக வாசலைச் சாத்தின. குரோம் 2015 ஏப்ரலில் 42-ஆம் பதிப்பில் அதை இயல்பாகவே முடக்கிவைத்து, செப்டம்பரில் 45-ஆம் பதிப்பில் அடியோடு எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் 52-ஆம் பதிப்போடு, ஃப்ளாஷைத் தவிர மற்றவற்றை நிறுத்தியது. ஃப்ளாஷின் கணக்கும் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு 2022 ஜூன் 15-இல் மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்தது.

அதற்குள் உலாவிகள் பிடிஎஃபைத் தாமே காட்டக் கற்றுக்கொண்டிருந்தன. குரோம் 2010-இன் கடைசியில் தன் வியூவரைக் கொண்டுவந்தது. அதன் எஞ்சின், அதாவது பக்கத்தை வரைந்து காட்டும் உள்நிரல், ஃபாக்ஸிட் நிறுவனத்திடமிருந்து வந்தது. 2014-இல் பிடிஎஃபியம் என்ற பெயரில் அதன் மூலநிரலும் வெளியானது. ஃபயர்ஃபாக்ஸில் 2013 பிப்ரவரியில் வந்த 19-ஆம் பதிப்பிலிருந்து பிடிஎஃப்.ஜேஎஸ் என்ற வியூவர் இருக்கிறது. அது ஏறக்குறைய முழுக்க ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. அதாவது ஒரு வலைப்பக்கம் உலாவி போட்ட எந்தப் பாதுகாப்பு வேலிக்குள் ஓடுகிறதோ அதே வேலிக்குள்தான் அதுவும் ஓடும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பழைய பக்கங்கள் "உன்னிடம் என்னென்ன செருகுநிரல்கள் இருக்கின்றன?" என்று உலாவியிடம் கேட்கும். இப்போதைய உலாவிகள் உண்மைப் பட்டியலைத் தருவதில்லை. பிடிஎஃப் காட்டத் தெரியும் என்றால், வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் தரநிலையில் எழுதிவைத்திருக்கும் ஐந்து பெயர்களை அப்படியே ஒப்பிக்கும். குரோம், குரோமியம், எட்ஜ், வெப்கிட் என்று எல்லாருடைய பெயரும் அதில் இருக்கும், எந்த உலாவியைக் கேட்டாலும் அதே ஐந்து. அந்தப் பட்டியலில் அடோபியின் பெயரைத் தேடும் பக்கத்துக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். உடனே "நிறுவவும்" என்று எழுதிக் காட்டிவிடும். உங்கள் கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. கோப்பின் நேரடி முகவரியைக் கண்டுபிடித்துத் தனி டேபில் ஒட்டினால் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் திறந்துவிடும்.

எங்கே அறுந்தது?

மூன்று சோதனைகள் போதும். மூன்றையும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகாது.

முதலாவது, நன்றாகத் திறக்கும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேறொரு பிடிஎஃபை அதே உலாவியில் திறந்து பாருங்கள். அது திறந்தால் வியூவர் நலமாக இருக்கிறது. கோளாறு கோப்பிலோ கோப்பை அனுப்பும் தளத்திலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் உலாவியை அழித்து மறுபடி நிறுவுகிறவர்கள் எத்தனையோ பேர். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

இரண்டாவது, மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) அதே முகவரியைத் திறங்கள். நீங்களாக அனுமதி கொடுத்த நீட்சிகளைத் தவிர வேறெதுவும் அங்கே ஓடாது. பழைய குக்கிகளும் இருக்காது. அங்கே திறந்து, வழக்கமான சாளரத்தில் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு நீட்சி நடுவில் நின்று கோப்பைப் பிடித்துக்கொள்கிறது. பதிவிறக்க மேலாளர்கள் இதில் கைதேர்ந்தவை. பிடிஎஃப் என்று வாசனை பட்டாலே உலாவியிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும், டேபில் வெற்றுப் பக்கம் மட்டும் மிஞ்சும். ஃபயர்ஃபாக்ஸில் இதற்கென்றே பிழைநீக்கப் பயன்முறை ஒன்று உதவி மெனுவில் இருக்கிறது.

மூன்றாவது சோதனையை யாரும் செய்வதில்லை, ஆனால் எனக்கு அதிகம் கைகொடுத்தது அதுதான். கோப்பைச் சேமித்து அதன் அளவைப் பாருங்கள். நாற்பது பக்க அறிக்கை 6 கிலோபைட் இருக்கிறது என்றால் அது அறிக்கையே அல்ல. நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையான பிடிஎஃப் என்றால் ஒரு சதவீதக் குறியும் அடுத்து பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் முதலில் நிற்கும். அதற்குப் பதிலாக எச்டிஎம்எல் தெரிந்தால், நீங்கள் இறக்கியது ஓர் உள்நுழைவுப் பக்கம். உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது, தளம் கோப்பைக் கொடுக்காமல் "மறுபடி உள்நுழையுங்கள்" என்ற பக்கத்தை அதே பெயரில் கொடுத்துவிட்டது. வியூவர் பாவம், "கோப்பு சேதமடைந்துள்ளது" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். இதற்கு எந்த மென்பொருளை மாற்றினாலும் பயன் இல்லை, உள்நுழைந்து மறுபடி இறக்குவதுதான் வழி.

சொந்த வியூவரையே சரிசெய்வது

எல்லாப் பிடிஎஃப்களும் எல்லாத் தளங்களிலும் அடம்பிடிக்கின்றன என்றால் முதலில் இதைத்தான் முயல வேண்டும். செலவில்லை, புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, பாதுகாப்பும் குறையாது.

திறக்காமல் டவுன்லோட் மட்டும் ஆகிறது என்பது அடிக்கடி வரும் புகார். குரோமில் தள அமைப்புகளுக்குள் பிடிஎஃப் ஆவணங்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே "இறக்கு", "குரோமில் திற" என்று இரண்டே தெரிவுகள்தான். எப்போதோ தெரியாமல் மாற்றியிருப்பீர்கள். ஃபயர்ஃபாக்ஸில் பொது அமைப்புகளின் கீழே பயன்பாடுகள் பட்டியலில் பிடிஎஃபுக்கு எதிரே "ஃபயர்ஃபாக்ஸில் திற" என்று இருக்க வேண்டும். அலுவலகக் கணினியில் இந்தத் தெரிவு மங்கலாகி அழுத்த முடியாமல் இருந்தால், நிர்வாகி கொள்கை வைத்து பூட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அவரிடம் கேட்பதைத் தவிர அங்கே வேறு வைத்தியம் இல்லை.

ஒரே ஒரு தளத்தில் மட்டும் டவுன்லோட் ஆகிறது, மற்ற இடங்களில் திறக்கிறது என்றால் உங்கள் அமைப்பைத் தொடவே வேண்டாம். சர்வர் கோப்பை அனுப்பும்போது கூடவே ஒரு சீட்டு அனுப்புகிறது. அதில் "இது பிடிஎஃப்" என்று மைம் வகையும், "உள்ளேயே காட்டு" அல்லது "இணைப்பாக இறக்கு" என்ற குறிப்பும் இருக்கும். தளத்துக்காரர் "இறக்கு" என்று எழுதியிருந்தால் உலாவி இறக்கத்தான் செய்யும். வகையைச் சொல்லாமல் "ஏதோ பைட்டுகள்" என்று மட்டும் எழுதியிருந்தாலும் அதேதான். இது பழுது அல்ல, தளத்துக்காரர் எடுத்த முடிவு.

பக்கம் திறக்கிறது, ஆனால் உள்ளே கறுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கிறது, நகர்த்தினால் மட்டும் எழுத்து மின்னி மறைகிறது. இது வேறு வகை. வரைகலை அட்டைக்கும் உலாவிக்கும் நடக்கும் சண்டை. அமைப்பில் வரைகலை முடுக்கத்தை (கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன்) அணைத்துவிட்டு உலாவியை மூடித் திறந்து பாருங்கள். சரியானால், அட்டையின் டிரைவரைப் புதுப்பித்தபின் முடுக்கத்தை மறுபடி போட்டுக்கொள்ளலாம். அணைத்தே வைத்திருந்தால் வீடியோ பார்க்கும்போது கணினி மூச்சு வாங்கும்.

இவ்வளவும் செய்து சரியாகவில்லை என்றால் உலாவியில் புதிய சுயவிவரம் (புரொஃபைல்) ஒன்றை உருவாக்கிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் நோண்டுவது நேர விரயம்.

வேறு உலாவிக்கு மாறினால்?

மாறலாம், ஆனால் எதிலிருந்து எதற்கு என்பதைப் பாருங்கள். குரோமிலிருந்து பிரேவ், ஓபரா, விவால்டி என்று தாவுவதில் பெரிய பயன் இல்லை. எல்லாமே குரோமுக்கு அடிப்படையான குரோமியம் என்ற திறந்த மூல நிரலின் பிள்ளைகள், உள்ளே பெரும்பாலும் அதே பிடிஎஃபியம்தான் உட்கார்ந்திருக்கும். ஒன்றில் எழுத்து கோணலாகத் தெரிந்தால் மற்றதிலும் அப்படியே தெரிய வாய்ப்பு அதிகம். குரோமியத்தின் பிள்ளையான எட்ஜ் மட்டும் 2023-இலிருந்து அடோபியின் எஞ்சினை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. உண்மையிலேயே வேறோர் எஞ்சினில் பார்க்க வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ், ஆப்பிள் கருவி என்றால் சஃபாரி. கணினியில் இரண்டு எஞ்சின்கள் இருப்பது நல்ல பழக்கம். சரிசெய்வதற்காக இல்லாவிட்டாலும், கோளாறு கோப்பிலா வியூவரிலா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

நீட்சிகள்

உலாவியின் கடையில் பிடிஎஃப் வியூவர் என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கும். என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பிடிஎஃபைப் படிப்பதற்காக மட்டும் ஒரு நீட்சியை நிறுவ இன்று காரணமே இல்லை. அவற்றில் பல கேட்கும் அனுமதியைப் படித்துப் பாருங்கள். "எல்லா வலைத்தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்று இருக்கும். ஓர் ஆவணத்தைத் திறக்க உங்கள் வங்கிப் பக்கத்தைப் படிக்கும் உரிமை எதற்கு? நம்பகமான நிறுவனத்தின் நீட்சியிலும் ஓட்டை விழலாம். 2017 ஜனவரியில் அடோபி ரீடரின் புதுப்பிப்போடு குரோமுக்கான அக்ரோபேட் நீட்சியும் கேட்காமலே கூடவே வந்து இறங்கியது. அதில் ஒரு பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டு, விரைவிலேயே அடைக்கப்பட்டது. இன்னொன்று, குரோம் 2024 முதல் பழைய வகை நீட்சிகளைப் படிப்படியாக முடக்கிவந்திருக்கிறது. நேற்றுவரை வேலை செய்த வியூவர் நீட்சி திடீரென்று காணாமல் போனால் காரணம் அதுவாக இருக்கலாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, டிஜேவியூ. 1990-களின் கடைசியில் ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் யான் லெகுன், லியோன் போத்து முதலானோர் உருவாக்கிய வடிவம் அது. ஸ்கேன் செய்த பக்கத்தில் எழுத்தைத் தனி அடுக்காகவும் காகிதத்தின் நிறத்தைத் தனி அடுக்காகவும் பிரித்துச் சுருக்கும். அதனால் எழுத்து கூர்மையாக இருக்கும், கோப்பும் சிறுத்துவிடும். பழைய புத்தகங்களைச் சேகரிப்பவர்கள் பலர் இன்னும் இதை விடவில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2016-இல் இந்த வடிவத்தில் புதிய கோப்புகள் உருவாக்குவதை நிறுத்தியது, விக்கிமூலத்தில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் எந்தப் பெரிய உலாவியும் இதைத் தானாகக் காட்டாது. ஒரு காலத்தில் இருந்த டிஜேவியூ செருகுநிரலும் மற்றவற்றோடு சேர்ந்து போய்விட்டது. இங்கே டிஜேவியூ.ஜேஎஸ் என்ற திறந்த மூல நீட்சி உண்மையிலேயே கைகொடுக்கும். அடிக்கடி இப்படிப்பட்ட கோப்புகளைப் புரட்டுகிறவருக்கு நீட்சி, எப்போதாவது ஒன்று வந்தால் தனி மென்பொருள் என்று பிரித்துக்கொள்ளலாம். பிடிஎஃபாக மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது, ஆனால் மாற்றியபின் கோப்பு பல மடங்கு ஊதிப்போவதைப் பார்த்தால் மனசு வராது.

வேர்ட் கோப்புகளைப் பற்றி ஒரு வரி. பெரும்பாலான உலாவிகள் அவற்றைத் தாமாகக் காட்டுவதில்லை, இறக்கத்தான் செய்யும். அதைக் கோளாறு என்று நினைத்துத் தேட வேண்டாம்.

இறக்கித் தனி மென்பொருளில் திறப்பது

உலாவியில் படிப்பது சுகம்தான். ஆனால் சில ஆவணங்களை நான் உலாவியில் திறப்பதே இல்லை. எதனால் அந்தப் பழக்கம் வந்தது என்பதைச் சொல்கிறேன்.

ஒருமுறை ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. கடைசி நாள். திறந்தால் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஒரு பக்கம். காத்திருந்தேன். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் காத்திருக்கச் சொன்னது. இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று நினைத்து மோடத்தை அணைத்துப் போட்டேன். உலாவியை மாற்றினேன், கேஷை அழித்தேன், மறுபடி நிறுவினேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பக்கத்தின் மற்ற வரிகளைப் படித்தேன். இந்தச் செய்தி மறையவில்லை என்றால் உங்கள் வியூவரால் இந்த வகை ஆவணத்தைக் காட்ட முடியாமல் இருக்கலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது! எதுவும் ஏறிக்கொண்டிருக்கவில்லை. அந்தச் செய்திதான் அந்தக் கோப்பில் இருந்த ஒரே சாதாரணப் பக்கம். உண்மையான படிவம் எக்ஸ்எஃப்ஏ என்ற வேறொரு வடிவத்தில் அதற்குள் ஒளிந்திருந்தது. அடோபி ரீடரில் போட்டதும் கண் இமைக்கும் நேரத்தில் திறந்துகொண்டது.

எக்ஸ்எஃப்ஏவை 2017-இல் வந்த பிடிஎஃப் 2.0 தரநிலையே கைவிடத்தக்கது என்று ஒதுக்கிவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் உருவாக்கிய படிவங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் 2021-இல் வந்த 93-ஆம் பதிப்பிலிருந்து இவற்றை ஓரளவு காட்டுகிறது. எனவே அடோபியை நிறுவ விருப்பம் இல்லாதவர்கள் முதலில் ஃபயர்ஃபாக்ஸில் ஒரு தடவை முயன்று பார்க்கலாம்.

சாதாரணப் படிவம் என்றால் இப்போதைய உலாவிகள் நன்றாகவே சமாளிக்கின்றன. குரோமில் நிரப்பியபின் சேமிக்கப் போனால் "மாற்றங்களுடன்", "மாற்றங்கள் இல்லாமல்" என்று கேட்கும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டு வெறும் படிவத்தை அனுப்பிவைப்பது சுலபம். ஒரு கட்டத்தில் எண்ணைப் போட்டால் இன்னொரு கட்டத்தில் கூட்டுத்தொகை வர வேண்டிய படிவங்கள் உலாவியில் சில சமயம் அசையாமல் நிற்கும். அவை அக்ரோபேட்டின் நிரலை நம்பியிருப்பவை. அப்படிப்பட்டவற்றைத் தனி மென்பொருளில் நிரப்பி, மூடி, மறுபடி திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

மின்கையொப்பம் இட்ட ஆவணங்களில் இன்னும் கவனம் தேவை. குரோமின் வியூவர் கையொப்பத்தைச் சரிபார்ப்பதில்லை, கையொப்பம் இருக்கும் இடத்தில் உள்ள படத்தை மட்டும் காட்டும். சில கோப்புகளில் அதன் மேல் பெரிய கேள்விக்குறி தெரியும். ஆவணம் போலி என்று பதறுகிறவர்கள் உண்டு. அது "இன்னும் சரிபார்க்கவில்லை" என்பதைக் குறிக்கக் கோப்பிலேயே வரைந்து வைத்திருக்கும் படம். இதன் மறுபக்கம்தான் ஆபத்து. பச்சை டிக் குறி ஒன்றைப் பார்த்து நிம்மதி அடையவும் முடியாது, ஏனென்றால் டிக்கை யார் வேண்டுமானாலும் வரைந்து வைக்கலாம். அடோபி ரீடர், லினக்ஸில் ஆக்குலர் போன்ற மென்பொருள்கள் பக்கத்துக்கு வெளியே, தங்கள் சொந்தப் பட்டையில் சரிபார்ப்பின் முடிவைச் சொல்லும். நம்ப வேண்டியது அதை.

பெரிய ஸ்கேன் கோப்புகள் அடுத்த காரணம். இருநூறு முந்நூறு மெகாபைட் புத்தகத்தை டேபில் திறந்து, இன்னும் இருபது டேப்களும் திறந்திருந்தால் உலாவி நினைவகத்துக்குத் தவியாய்த் தவிக்கும். விண்டோஸில் சுமத்ரா பிடிஎஃப் என்ற சிறிய மென்பொருள் இதை அலட்டிக்கொள்ளாமல் திறக்கும். டிஜேவியூ, இபப் என்ற மின்னூல் வடிவம், காமிக் புத்தகக் கோப்புகள் எல்லாவற்றையும் அதுவே காட்டும். படிவம், கையொப்பம் போன்ற வேலைகளுக்கு அதை நம்ப வேண்டாம், அது படிப்பதற்கு மட்டும். லினக்ஸில் ஆக்குலரும் எவின்சும் இருக்கின்றன, மேக்கில் ப்ரிவ்யூ முதலிலேயே இருக்கும்.

எழுத்துருச் சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடலாம். கோப்பை உருவாக்கியவர் எழுத்துருவைக் கோப்புக்குள் பொதியாமல் விட்டிருந்தால் வியூவர் தன்னிடம் இருக்கும் வேறொன்றைப் போட்டு ஒப்பேற்றும். யூனிகோடுக்கு முந்தைய பாமினி மாதிரி எழுத்துருக்களில் செய்த தமிழ்க் கோப்பு என்றால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருந்தால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் எந்த வியூவரையும் குறை சொல்லிப் பயனில்லை. உருவாக்கியவரிடம் எழுத்துருவைப் பொதிந்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்து, நகலெடுத்து ஒட்டும்போது மட்டும் குப்பையாக வருவதும் இதன் சகோதரன்தான்.

பாதுகாப்பு என்று பார்த்தால் எந்தப் பக்கமும் முழு நிம்மதி இல்லை. அடோபி ரீடர் 2010-இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் தன்னைத் தானே வேலிக்குள் அடைத்துக்கொண்டது. அதற்கு முன் பிடிஎஃப் வழியாக வந்த தொல்லைகள் ஏராளம். பிடிஎஃப்.ஜேஎஸ்ஸிலும் 2015 ஆகஸ்டில் ஓர் ஓட்டை வழியாகக் கணினியில் உள்ள கோப்புகளைத் திருட முடிந்தது. 2024 மே மாதத்தில் ஃபயர்ஃபாக்ஸ் 126-ஆம் பதிப்பில் இன்னோர் ஓட்டை அடைக்கப்பட்டது. வித்தியாசம் எங்கே என்றால், உலாவி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். நான்கு வருடத்துக்கு முன் நிறுவி மறந்துபோன தனி மென்பொருள் அப்படியே கிடக்கும். முன்பின் தெரியாதவர் அனுப்பிய பிடிஎஃபை உலாவியில் திறப்பதுதான் என் வழக்கம், தெரிந்தவரின் கோப்புகள் மட்டும் தனி மென்பொருளுக்குப் போகும்.

இணையச் சேவையில் ஏற்றுவது, பழைய உலாவி

கூகுள் டிரைவ் மாதிரி ஓர் இடத்தில் கோப்பை ஏற்றினால் அது பக்கங்களைக் காட்டிவிடும். சொந்தக் கணினி இல்லாத நேரத்தில், வேர்ட் கோப்பை அவசரமாகப் பார்க்க நல்ல வழி. அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை, ஒப்பந்தம் போன்றவற்றை, பெயர் தெரியாத "இலவசமாகத் திறந்து தருகிறோம்" தளங்களில் ஏற்றாதீர்கள். ஏற்றியபின் அந்தக் கோப்பு எங்கே தங்குகிறது என்பது உங்கள் கையில் இல்லை. ஏற்கெனவே உங்கள் மின்னஞ்சலில் இருக்கும் இணைப்பை அதே மின்னஞ்சல் சேவையின் முன்னோட்டத்தில் பார்ப்பதில் புதிதாக எந்த இழப்பும் இல்லை, அது வேறு.

பழைய உலாவியைப் பொறுத்தவரை, ஆக்டிவ்எக்ஸ் இல்லாமல் நகராத உள்வட்டத் தளம் (இன்ட்ராநெட்) ஏதாவது உங்கள் அலுவலகத்தில் இருந்தால் எட்ஜில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பயன்முறை இருக்கிறது. குறைந்தது 2029 வரை அதை வைத்திருப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அதைப் போட்டுக்கொள்ளலாம். எங்கேயோ இருந்து ஃபயர்ஃபாக்ஸின் பழைய பதிப்பை இறக்கி, செருகுநிரலையும் தேடிப் பிடித்து, அதோடு இணையத்தில் உலவுவது என்பது மட்டும் வேண்டாம். கட்டாயம் என்றால் மெய்நிகர் கணினிக்குள் (உங்கள் கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி), இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள்.

என் கணினியில் இப்போது இருக்கும் ஏற்பாடு இதுதான். பிடிஎஃப் எதுவானாலும் முதலில் உலாவியிலேயே திறக்கும். நிரப்ப வேண்டியது, கையொப்பம் பார்க்க வேண்டியது, அளவு பிசகாமல் அச்சடிக்க வேண்டியது என்றால் இறக்கி அடோபி ரீடரில் திறப்பேன். தடித்த ஸ்கேன் புத்தகங்களுக்கு சுமத்ரா. நீட்சி என்று ஒன்றுமே இல்லை. கைபேசியில் கதை கொஞ்சம் வேறு. ஆண்ட்ராய்டு குரோம் நெடுங்காலம் பிடிஎஃபைத் தானே காட்டாமல் இறக்கி வேறு செயலியிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதனால் அங்கே பிரச்சினை என்றால் உலாவியை விட்டுவிட்டு, இயல்பு வியூவராக எந்தச் செயலி அமர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நீங்களே ஒரு தளம் நடத்தி ஆவணங்களை வைக்கிறவர் என்றால் உங்களுக்கும் இதில் ஒரு முடிவு இருக்கிறது. பக்கத்துக்கு நடுவில் சட்டகம் (ஃபிரேம்) வைத்துப் பிடிஎஃபைப் பொதிவது பார்க்க அழகு. ஆனால் கைபேசியிலும், குக்கிகளை இறுக்கிப் பிடிக்கும் உலாவிகளிலும் அந்தச் சட்டகம் காலியாகத் தெரியும் வாய்ப்பு அதிகம். வெறும் இணைப்பு அழகில்லை, ஆனால் எங்கும் உடையாது. இரண்டும் வேண்டுமென்றால் சட்டகத்துக்குக் கீழேயே கோப்பின் பெயரும் அளவும் போட்டு ஒரு நேரடி இணைப்பு கொடுங்கள். சர்வரில் மைம் வகை பிடிஎஃப் என்று சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். அப்புறம், "அடோபி ரீடரை நிறுவவும்" என்ற அந்தப் பழைய வரி இன்னும் பக்கத்தில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.